இரண்டு கழகமும் வேண்டாம் என்றால்: கடலூரிலும் புதுச்சேரியிலும் சுயேச்சையாக நிற்பது எப்படி

1967 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சிக்கு வந்தது தி.மு.க. அல்லது அ.தி.மு.க. இரண்டிலும் நம்பிக்கை போனவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், அல்லது 2013 முதல் இருக்கும் நோட்டா பொத்தானை அழுத்திவிட்டு வருகிறார்கள். நோட்டாவுக்கு எத்தனை வாக்கு விழுந்தாலும் முடிவு மாறாது. வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவர்தான் வென்றவர். வேறு ஒரு பெயர் பட்டியலில் இருக்க வேண்டுமானால் யாராவது மனு போட வேண்டும். அந்த யாரோ ஒருவர் நீங்கள் என்றால், இது உங்களுக்கு.

முதலில் எங்கே நிற்பது என்பதைப் பார்த்துவிடுவோம். கடலூர் மாவட்டத்தில் ஒன்பது சட்டமன்றத் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய இரண்டு லட்சம் வாக்காளர், பல தொகுதிகளில் அதற்கும் மேல். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் 30 தொகுதிகள். அங்கே ஒரு தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரம் சொச்சம் பேர்தான். ஒரு சைக்கிளும் ஒரு மாதமும் இருந்தால் எல்லாத் தெருவுக்கும் போய்விடலாம். 2021இல் புதுச்சேரியில் ஆறு சுயேச்சைகள் ஜெயித்தார்கள். தட்டாஞ்சாவடியில் வென்று முதல்வரான ரங்கசாமியே, தான் நின்ற இன்னொரு தொகுதியான ஏனாமில் ஒரு சுயேச்சையிடம் தோற்றார். அதே ஆண்டு தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் ஒரு சுயேச்சைகூட வரவில்லை.

அதனால் கடலூர்க்காரர்கள் நேராகச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் பதவிகளுக்குத் தேர்தல் சட்டப்படியே கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது. வயது 21 ஆனால் போதும். அங்கே ஐந்து வருடம் குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று பார்த்தவரை ஊர் மறக்காது. புதுச்சேரியில் இந்தப் படி உடைந்து கிடக்கிறது. 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தலே நடந்தது. அங்கே சட்டமன்றம்தான் நடைமுறையில் முதல் படி.

எல்லையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாக்கு வைத்துக்கொண்டு புதுச்சேரியின் பாகூரில் நிற்க முடியாது. கடை பாகூரில் இருந்தாலும், சொந்தபந்தம் எல்லாம் அங்கே இருந்தாலும், உங்கள் பெயர் எந்த மாநிலத்தின் அல்லது ஒன்றியப் பிரதேசத்தின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதோ அங்கேதான் நிற்கலாம். அதற்குள் எந்தத் தொகுதியாகவும் இருக்கலாம். வேறு தொகுதியில் வாக்கு இருந்தால் சான்றளித்த பட்டியல் நகலை மனுவோடு வைக்க வேண்டும். மனுப் பரிசீலனை நாளன்று 25 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

கட்சியில் உறுப்பினராக இருந்தவர் விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுங்கள். கிளைச் செயலாளரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவது போதாது. மாவட்டச் செயலாளருக்கும் தலைமைக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிரசாரத்தின் நடுவில் "இவர் இன்னும் எங்கள் ஆள்தான்" என்று பேச்சு கிளம்பினால் அந்த ரசீதுதான் பேசும்.

பத்துப் பேர்

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். சுயேச்சைகளின் மனு கவிழ்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

பத்துப் பேரும் நீங்கள் நிற்கும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். புதுச்சேரி நகரத்தில் தொகுதிகள் சின்னவை. பக்கத்துத் தெருக்காரர் வேறு தொகுதியாக இருக்கலாம். ஆளைத் தெரியும் என்பதற்காகக் கையெழுத்து வாங்காதீர்கள். பட்டியலைத் திறந்து, பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் நீங்களே பார்த்து எழுதுங்கள். வாக்காளர் அட்டையில் இருக்கும் எண் வேறு, இவை வேறு. பட்டியல் திருத்தம் நடக்கும்போதெல்லாம் இந்த எண்கள் மாறும். போன தேர்தலின் பூத் ஸ்லிப்பைப் பார்த்து எழுதியவர்கள் பரிசீலனை மேஜையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கைநாட்டு வைப்பவர் என்றால், அதை வீட்டில் வைத்து வாங்கிவந்தால் செல்லாது. தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது அதற்கு அதிகாரம் பெற்ற அதிகாரியின் முன்னிலையில் வைக்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் கையோடு கூட்டிப்போங்கள்.

மனுவுக்கான படிவம் 2பி. அதில் முதல் பகுதி கட்சி வேட்பாளருக்கு. நீங்கள் அதை அடித்துவிட்டு இரண்டாம் பகுதியை நிரப்ப வேண்டும். பத்துப் பேர் கையெழுத்துக்கான கட்டம் அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் பகுதியில் நீங்கள் கேட்கும் மூன்று சின்னங்களை விருப்ப வரிசையில் எழுத வேண்டும்.

ஒரு வேட்பாளர் ஒரு தொகுதியில் நான்கு மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒரே முறைதான். இந்த வசதியை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மனுவிலும் வெவ்வேறு பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். முன்மொழிந்தவரை இரவோடு இரவாக யாராவது போய்ப் பார்த்து, "அது என் கையெழுத்து இல்லை" என்று மறுநாள் சொல்ல வைத்தாலும் இன்னொரு மனு நிற்கும்.

மனுவுக்கு முந்தைய வாரம்

அறிவிக்கை வந்த ஏழாவது நாள் மனுவுக்குக் கடைசி. மறுநாள் பரிசீலனை, அதிலிருந்து இரண்டாம் நாள் வாபஸுக்குக் கடைசி. இடையில் விடுமுறை வந்தால் தள்ளிப்போகும். மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். மூன்றாம் நாளே போங்கள், தவறு இருந்தால் திருத்த நாள் மிச்சம் இருக்கும்.

தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். மனு கொடுப்பதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் பெயரில் தனியாகவோ, தேர்தல் ஏஜென்ட்டோடு (உங்கள் சார்பில் தேர்தல் வேலைகளைப் பார்க்க நீங்கள் நியமிப்பவர்) கூட்டாகவோ இருக்கலாம். மனைவியோடு கூட்டுக் கணக்கு ஆகாது, அவரே ஏஜென்ட்டாக இருந்தாலொழிய. இருந்தாலும் கணக்கு புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

டெபாசிட் 10,000 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு 5,000. ரொக்கமாகக் கட்டுங்கள் அல்லது கருவூலத்தில் செலுத்திய ரசீதைக் காட்டுங்கள். காசோலை கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது படிவம் 26, பிரமாணப் பத்திரம். உங்கள், துணைவர், சார்ந்திருப்பவர்களின் சொத்து, கடன், ஐந்து வருட வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், வழக்குகள் எல்லாம் இதில் வரும். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்தும் நோட்டரியின் முத்திரையும் வேண்டும். ஒரு கட்டத்தைக்கூட வெறுமனே விடக்கூடாது. நகை இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள். வழக்கு இல்லையென்றால் "இல்லை", கேள்வியே உங்களுக்கு ஒட்டாது என்றால் "பொருந்தாது". கோடு போட்டுவிட்டு வராதீர்கள். வெற்றிடம் விட்ட பத்திரத்தின் அடிப்படையில் மனுவை நிராகரிக்கலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அலுவலர் குறையைச் சுட்டி நோட்டீஸ் கொடுத்தால், பரிசீலனை தொடங்குவதற்குள் புதிய பத்திரம் கொடுக்க வேண்டும்.

வாக்கு இயந்திரத்தில் ஒட்டப் படம் தேவை: இரண்டு செ.மீ. அகலம், இரண்டரை செ.மீ. உயரம், வெள்ளைப் பின்னணி, மூன்று மாதத்துக்குள் எடுத்தது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி வேண்டாம்.

அலுவலர் அறைக்குள் உங்களோடு நான்கு பேருக்கு மட்டும் அனுமதி. மனு கொடுத்த கையோடு உறுதிமொழி எடுங்கள். மனுவுக்குப் பின், பரிசீலனை நாளுக்கு முன் எடுத்தாக வேண்டும். கடைசி நாள் 2.55க்கு மனு கொடுத்துவிட்டு "நாளைக்கு வந்து எடுக்கிறேன்" என்று போனவருக்கு நாளை என்பதே இல்லை, அது பரிசீலனை நாள். எந்தெந்தத் தாள் வந்தது, எது பாக்கி என்று அலுவலர் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தருவார். அதைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பரிசீலனையின்போது நேரில் இருங்கள். யாராவது ஆட்சேபம் எழுப்பினால் பதில் சொல்ல அவகாசம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முக்கியமில்லாத குறைக்காக மனுவைத் தள்ளக்கூடாது என்பதும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36ஆவது பிரிவில் இருக்கிறது.

சின்னமும் பெயரும்

வாபஸ் நேரம் முடிந்த பிறகுதான் சின்னம் கையில் வரும். ஒரே சின்னத்தை இரண்டு சுயேச்சைகள் கேட்டால் குலுக்கல். பதிவு பெற்ற கட்சிக்காரர் கேட்டால் அவருக்கே முன்னுரிமை. ஆகவே மூன்று விருப்பத்தையும் மூன்று முதல் விருப்பம் போல யோசித்து எழுதுங்கள். ஒரே சொல்லில் சொல்ல முடிய வேண்டும், கறுப்பு வெள்ளையில் சின்னதாக அச்சடித்தாலும் பாட்டிக்கு அடையாளம் தெரிய வேண்டும். பலாப்பழம் பட்டியலில் இருந்தால் பண்ருட்டியில் அதற்கு விளக்கமே வேண்டாம். சின்னம் வருமுன் நோட்டீஸ் அடிக்காதீர்கள். அடிக்கும்போது அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர், முகவரி கட்டாயம்.

அதே பெயரில் ஆட்களை நிறுத்துவது பழைய வேலை. 2024இல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். வாக்கு இயந்திரத்தில் கட்சி வேட்பாளர்கள் மேலே, சுயேச்சைகள் கீழே அகர வரிசையில். உங்கள் பெயர்க்காரர் உங்களுக்கு அடுத்த வரியில் இருப்பார். ஊரில் உங்களைக் கூப்பிடும் பெயரையும் பட்டியலில் சேர்க்க எழுத்தில் கேளுங்கள். பிரசாரத்தில் பெயரைவிடச் சின்னத்தையும் வரிசை எண்ணையும் அதிகம் சொல்லுங்கள்.

பணமும் பூத்தும்

2022இல் உயர்த்திய வரம்பின்படி சட்டமன்ற வேட்பாளர் தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 28 லட்சம் வரை செலவழிக்கலாம். அந்த அளவுக்கு உங்களிடம் இருக்கப்போவதில்லை. ஆனால் கணக்கு எழுதும் கடமை அதே அளவுதான். செலவுப் பதிவேட்டில் வெள்ளைத் தாள் தினசரிச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. ஒரே ஆளுக்கோ கடைக்கோ தேர்தல் முழுவதற்கும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் வங்கி வழியாக. நண்பர் இலவசமாகத் தந்த ஆட்டோவையும் மைக் செட்டையும்கூட மதிப்புப் போட்டு எழுத வேண்டும்.

பணம் குறைவாக இருக்கும் சுயேச்சை போஸ்டரைக் குறைத்து, பூத்தில் ஆள் வைக்கப் பாருங்கள். ஆயிரம் வாக்காளருக்கு ஒரு பூத் என்று வைத்தால் புதுச்சேரித் தொகுதியில் முப்பது சொச்சம், கடலூரில் இருநூறைத் தாண்டும். படிவம் 10இல் பூத் ஏஜென்ட்டை நியமியுங்கள். வாக்குப்பதிவு 7 மணி என்றால் 5.30க்கே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 வாக்கு போட்டுப் பார்ப்பார்கள். பிறகு அதை அழித்து, வாக்கைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபேட் பெட்டியிலிருந்து துண்டுச் சீட்டுகளை எடுத்தார்களா என்று உங்கள் ஆள் கண்ணால் பார்க்க வேண்டும். மாலையில் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது. பதிவான மொத்த வாக்கு அதில் இருக்கும். வாக்கு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவியின் எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணும் நாளில் மேஜைக்கு வரும் கருவியின் எண்ணும் மொத்தமும் இதோடு ஒத்துப்போக வேண்டும்.

ஜெயித்தால், தோற்றால்

ஜெயித்த சுயேச்சை பிறகு ஏதாவது கட்சியில் சேர்ந்தால் அரசமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடை) பதவி போகும். கட்சியில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு தருவதை அது தடுக்காது. 2021இல் புதுச்சேரியில் வென்ற சுயேச்சைகளில் சிலர் அப்படி ஆளும் கூட்டணிப் பக்கம் போனார்கள். கட்சி வேண்டாம் என்று உங்களுக்கு வாக்களித்தவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் என்ன செய்வீர்கள், எதற்கு ஆதரவு, எதற்கு இல்லை என்பதை முதல் நோட்டீஸிலேயே அச்சடியுங்கள்.

டெபாசிட் திரும்ப வேண்டுமானால் வேட்பாளர்கள் பெற்ற செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும். 27,000 வாக்கு என்றால் 4,501. சரியாக 4,500 வாங்கினால் போய்விடும். நோட்டா இந்தக் கணக்கில் வராது.

தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை மூன்று வருடம் வரை தகுதிநீக்கம் செய்யலாம், அடுத்த தேர்தலில் மனுவே போட முடியாமல் போகும். பில்களைத் தேதி வாரியாகக் கோத்து, வங்கி அறிக்கையைச் சேர்த்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி, மனு நகலோடு அதே கோப்பில் வையுங்கள்.