பழைய பஸ்ஸில் சாயம் உரித்துப் புதுச் சாயம் பூச: மழைக்கு முன் முடிக்கிற கணக்கு

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட பஸ்ஸையோ ஆலை பஸ்ஸையோ வாங்கி, இருக்கைகளைக் கழற்றிச் சாப்பாட்டுக் கடையாகவோ பிள்ளைகளின் படிப்பகமாகவோ மாற்றுகிறவர்கள், சாய வேலைக்கு வந்ததும் ஒரே மூச்சில் பஸ் முழுவதையும் சுரண்டிப் போட்டுவிடுகிறார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் அப்படிச் செய்யக்கூடாது. காலையில் வெள்ளையாகப் பளிச்சிடும் இரும்பில் மத்தியான மழை பட்டால், மறுநாள் விடிவதற்குள் செம்மஞ்சள் பூத்துவிடும். கண்ணுக்கு லேசாகத் தெரியும் அந்தத் துருவின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த சாயம் பூசினாலும் அது துருவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், இரும்பை அல்ல. ஆகவே அன்று திறந்த இரும்பை அன்றே பிரைமர் என்னும் அடிப்பூச்சால் மூட வேண்டும். ஒரு நாளில் எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவு மட்டும் திறங்கள். இரண்டு பேர் வேலை செய்தால் ஒரு நாளைக்கு 3 அல்லது 4 சதுர மீட்டர் நியாயமான அளவு.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே ஒரு மழைக்காலம். அக்டோபர், நவம்பர் இன்னொன்று. தீபாவளி வியாபாரத்துக்குக் கடை திறக்க வேண்டும் என்று செப்டம்பர் கடைசியில் சுரண்ட ஆரம்பிப்பவர்கள் சரியாக மழையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஜூன், ஜூலையில் தொடங்குவது நல்லது. பொங்கல் முடிந்த கையோடு தொடங்குவதும் நல்லது. எந்த மாதமானாலும் பஸ்ஸுக்கு மேல் கேன்வாஸ் கட்டி நிழல் செய்தே ஆக வேண்டும். மழைக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும் அது வேண்டும். வெயிலில் நிற்கும் தகட்டைத் தொட முடியாது. அந்தச் சூட்டில் சாயம் பரவுவதற்குள் மேல்தோல் காய்ந்து, உள்ளே மாட்டிய தின்னர் கொப்புளமாக எழும்பும். மரத்தடி நிழலை நம்பாதீர்கள். இலை, பிசின், பறவை எச்சம் எல்லாம் ஈரச் சாயத்தில்தான் வந்து விழும்.

எல்லாவற்றையும் உரிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இரும்பைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய சாயத்தை விட நல்ல அடித்தளம் கிடையாது. பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, புது பிளேடு போட்ட கத்தியால் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் 6 கோடுகள் கீழ்நோக்கியும் 6 கோடுகள் குறுக்காகவும் இரும்பு வரை ஆழமாகக் கீறுங்கள். 25 சிறு கட்டங்கள் வரும். அதன் மேல் நல்ல ஒட்டு நாடாவை நகத்தால் அழுத்தித் தேய்த்து ஒட்டி, ஒரு நிமிடம் கழித்து வெடுக்கென்று இழுங்கள். ஓரிரு கட்டங்களின் விளிம்பு மட்டும் உதிர்ந்தால் அந்தப் பகுதியை உரிக்க வேண்டாம்; 180-ஆம் நம்பர் மணல்தாளால் பளபளப்பை எடுத்தால் போதும். ஐந்தாறு கட்டங்கள் நாடாவோடு வந்துவிட்டால் உரிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நாலைந்து இடத்தில் இதைச் செய்யுங்கள். சக்கர வளைவுக்கு மேல், ஜன்னலுக்குக் கீழ், பாவாடைத் தகட்டின் (பஸ்ஸின் கீழ் ஓரத்தைச் சுற்றி வரும் தகடு) அடிப்பகுதி ஆகிய இடங்களை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது காந்தம். பழைய பஸ்களில் எலும்புக்கூடு இரும்பாக இருக்கும். பக்கத் தகடு இரும்பாகவோ அலுமினியமாகவோ இருக்கும். முன்முகமும் பின்புறமும் பல பஸ்களில் ஃபைபர், அதாவது கண்ணாடியிழை. காந்தம் ஒட்டாத இடத்தை விரலால் தட்டிப் பாருங்கள்: அலுமினியம் கணீரென்று கேட்கும், ஃபைபர் மொத்தென்று கேட்கும். காந்தம் ஒட்டி, ஆனால் கீறினால் சாம்பல் நிறமாகத் தெரிகிற ஒட்டுத்தகடு இருந்தால் அது ஜிங்க் தகரம். துருப்பிடித்த பாவாடைத் தகட்டுக்கு யாரோ கூரைத் தகரத்தை வெட்டி ரிவெட் அடித்திருப்பார்கள். இந்த நான்கையும் சாக்பீஸால் பஸ்ஸின் மேலேயே குறித்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு.

ஈயம்

பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புச் சாயங்களில் ஈயக் குரோமேட் இருந்திருக்கிறது. பள்ளிக்கூட பஸ்ஸோ மஞ்சள்தான். பரிசோதனை செய்து இல்லை என்று தெரியும்வரை ஈயம் இருக்கிறது என்றே வைத்து வேலை செய்யுங்கள். உலர்ந்த நிலையில் கிரைண்டர் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாகவே தேயுங்கள். சாதாரணத் துணி முகக்கவசம் எதையும் தடுக்காது, நுண்ணிய தூசியையும் பிடிக்கும் பி-100 வடிகட்டி போட்ட ரப்பர் முகக்கவசம் வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, உதிர்வதை அன்றன்றைக்கே சுருட்டிக் கட்டுங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகாதீர்கள், அதைத் தனியாகத் துவையுங்கள். ஈயம் அதிகம் பாதிப்பது சின்னப் பிள்ளைகளை. தவழும் குழந்தை தரையைத் தொட்டு விரலை வாயில் வைக்கும். அதனால் லயத்து வீட்டு வாசலிலோ கோயில் மண்டபத்துப் பக்கத்திலோ கீரைப் பாத்திக்கு அருகிலோ இந்த வேலை வேண்டவே வேண்டாம். சாயக் கழிவும் தின்னர் கழிவும் 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைக்குள் வருபவை. கால்வாயில் ஊற்றாமல், கொளுத்தாமல், மூடிய டின்னில் சேர்த்து, எங்கே ஒப்படைப்பது என்று சுற்றுச்சூழல் துறையிடம் கேளுங்கள்.

கழுவிய பிறகுதான் மணல்தாள்

செம்பனை ஆலைப் புகை வரும் ஊரில் நிற்கும் பஸ்ஸின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும், அதன் மேல் செம்மண் தூசி. கழுவாமல் தேய்த்தால் மணல்தாள் அந்த எண்ணெயைக் கீறலுக்குள் தள்ளிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும். காய்ந்ததும் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, அது ஆவியாவதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுங்கள். ஒரே துணியால் துடைத்துக்கொண்டே போனால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க நல்ல தண்ணீர் தெளியுங்கள்: தண்ணீர் ஒரே விரிப்பாக வழிந்தால் சரி, முத்து முத்தாகத் திரண்டால் இன்னொரு தடவை. டயர் பாலிஷில் உள்ள சிலிக்கன் பட்ட இடத்தில் சாயம் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும். சக்கர வளைவுகளை இரண்டு முறை துடையுங்கள்.

ஜன்னல் ரப்பரைக் கழற்றுங்கள்

ரப்பர் ஓரத்தில் ஒட்டு நாடா போட்டு மறைத்துப் பூசிவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் பஸ் துருப்பிடிப்பது அந்த ரப்பருக்குள்ளேதான். ரப்பரின் நடுவில் ஓடும் பூட்டுப் பட்டையைத் திருப்புளியால் ஒரு முனையில் நெம்பி எடுத்து, உருவிவிடுங்கள். உள்ளிருந்து ஒருவர் உள்ளங்கையால் கண்ணாடியின் மூலையை மெதுவாகத் தள்ள, வெளியே இருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். கீழ்ச் சட்டத்தின் இரண்டு மூலைகளையும் பாருங்கள்: தகடு வெடித்து ஏடு ஏடாகக் கிளம்பியிருக்கும். திருப்புளி உள்ளே போனால் வெட்டி வெல்டிங் செய்யத்தான் வேண்டும், புட்டி போட்டு மூடக்கூடாது.

திரும்பப் பொருத்த, ரப்பரை முதலில் கண்ணாடியில் மாட்டுங்கள். சட்டத்தின் தகட்டில் உட்காரும் வெளிப்பக்கக் காடியில் 4 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனைகளையும் கீழே நடுவில் தொங்கவிடுங்கள். சட்டத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கயிற்றின் முனைகள் பஸ்ஸுக்குள் இருக்கும்படி வைத்து, வெளியிலிருந்து கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்க, உள்ளே ஒருவர் கயிற்றை மெதுவாக இழுத்தால் ரப்பரின் உதடு தானாகவே தகட்டைத் தாண்டி உட்காரும். பூட்டுப் பட்டை கடைசியில். ரப்பர் விறைத்து வெடித்திருந்தால் புது ரப்பர் வாங்குங்கள்.

உரிப்பது

இரும்புத் தகட்டுக்கு 4 அங்குலக் கிரைண்டரில் தேங்காய் நார் போலிருக்கும் உரிப்பு வட்டு நல்லது. ஈயம் இல்லை என்று உறுதியான இடத்தில் மட்டும் இதைப் போடுங்கள். கம்பி பிரஷ் சாயத்தை உருக்கிப் பூசிவிடும். ஒரே இடத்தில் நிறுத்தித் தேய்த்தால் தகடு சூடாகி உப்பும். அப்படி உப்பிய தகடு பிறகு எப்போதும் விரலால் அழுத்தினால் டப் டப் என்று சத்தமிடும். கையை ஓட்டிக்கொண்டே இருங்கள். கடைசியில் 80-ஆம் நம்பர் மணல்தாள், பிறகு 120, ஓரங்களைச் சரிவாக்க 180.

அலுமினியத்தில் இரும்புக் கம்பி பிரஷ் கூடவே கூடாது. உடைந்த கம்பித் துகள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, சில மாதத்தில் துருப்புள்ளியாக வெளியே வரும். இரும்பில் போட்ட வட்டை அலுமினியத்திலும் போடாதீர்கள். அலுமினியத் தூசி குவிந்த இடத்துக்குப் பக்கத்தில் துருவேறிய இரும்பைக் கிரைண்டர் போட்டால் தீப்பிடிக்கலாம். தூசியை முதலில் அள்ளிவிடுங்கள். ரிவெட் தலையைச் சுற்றிச் சாயம் வளையமாக உப்பியிருந்தால் உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும். அலுமினியத் தகட்டில் இரும்பு ரிவெட் அடித்து, இடையில் தண்ணீர் புகுந்ததன் விளைவு அது. ரிவெட்டைத் துளைத்து எடுத்து, அலுமினிய ரிவெட்டை பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் தொட்டு அடியுங்கள். அங்கே சிலிக்கன் வைத்தால் அதன் மேல் சாயம் நிற்காது.

சாயம் உரிக்கும் இரசாயனப் பசையில் மெத்திலீன் குளோரைடு இருந்தால், பஸ்ஸுக்குள் அதைத் திறக்கவே திறக்காதீர்கள். அதன் ஆவி காற்றை விடக் கனமானது. கதவைத் திறந்து வைத்தாலும் தரையோடு தேங்கும், குனிந்து வேலை செய்கிறவர் மயங்கி விழுவார். மூடிய இடத்தில் இதைப் பயன்படுத்தி இறந்தவர்கள் பலர். பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவானது: கெட்டியாகத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, சில மணி நேரம் விட்டால் பழைய எனாமல் சுருங்கி எழும்பும். காஸ்டிக் வகை அலுமினியத்தை அரித்துவிடும். ஃபைபருக்கு எந்தப் பசையும் வேண்டாம், அது பிசினையும் சேர்த்துக் கரைக்கும். 180-ஆம் நம்பர் தாளும் கையும் போதும்.

பிரைமர்

காலை 8 மணிக்குத் தகடு உலர்ந்த மாதிரி தெரியும், ஆனால் அப்படியில்லை. 24 டிகிரியில் ஈரப்பதம் 95 விழுக்காடு என்றால் சுமார் 23 டிகிரியிலேயே பனி படியும். தகடு அதை விடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும், அதாவது 26-க்கு மேல். காலையில் சுரண்டுங்கள், 11 மணிக்குத் துடைத்துப் பிரைமர் பூசுங்கள், பிற்பகல் 1 மணிக்குள் முடியுங்கள்.

எங்கள் பரிந்துரை இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்சி பிரைமர். இரும்பு, அலுமினியம், ஃபைபர், ஜிங்க் நாலையும் அது பிடிக்கும், ஆனால் வாங்கும்போது டின்னில் நாலும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஜிங்க் தகரத்தில் நேரடியாக எனாமல் பூசினால் சாயத்திலுள்ள எண்ணெய் ஜிங்கோடு சேர்ந்து சோப்பாக மாறி, ஒரு வருடத்துக்குள் தோல் உரிவது போல் உரிந்துவிடும். இடையில் எப்பாக்சி இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. கலவை விகிதத்தைக் கண் அளவில் போடாதீர்கள், அளவுக் குவளை வையுங்கள். டின்னில் போட்டிருக்கும் பயன்பாட்டு நேரம் பெரும்பாலும் 25 டிகிரிக்கு உரியது; 35 டிகிரியில் அது பாதியாகிவிடும். ஒரு தடவைக்கு 1 லிட்டருக்கு மேல் கலக்க வேண்டாம்.

பள்ளங்களுக்குப் புட்டியை எப்பாக்சியின் மேல் போடுங்கள், வெறும் தகட்டில் வேண்டாம். புட்டி தண்ணீரை உறிஞ்சும். உலர்ந்த நிலையில் தேய்த்து, தூசியைப் பிடித்து, அன்றே மறுபடி பிரைமரால் மூடுங்கள். கடினப்படுத்தும் பசை புட்டியின் எடையில் 2 விழுக்காடு. இந்தச் சூட்டில் சில நிமிடத்திலேயே இறுகிவிடும், எலுமிச்சை அளவுக்கு மேல் கலக்காதீர்கள்.

மேல் சாயம்

ஸ்பிரே செய்யும் இரண்டு பாக பாலியூரித்தேன் அழகாக வரும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட்டை மூக்கு உணர்வதற்கு முன்பே நுரையீரல் கெட்டுவிடும். குழாய் வழியே சுத்தக் காற்று தரும் முகக்கவசம் இல்லாமல் யாரும் அடிக்கக்கூடாது. அது வேண்டுமென்றால் ஈப்போவில் சாய அறை உள்ள பட்டறைக்குக் கொடுங்கள். திறந்த வெளியில் ரோலரும் பிரஷும் வைத்துப் பூசும் நல்ல எனாமலே நமக்கு ஏற்றது.

9 மீட்டர் பஸ்ஸுக்குக் கணக்கு இப்படி: கண்ணாடி போக இரு பக்கமும் சுமார் 28 சதுர மீட்டர், முன்னும் பின்னும் 8, கூரை 24. சுவர்ப் பகுதி 36 சதுர மீட்டருக்கு எப்பாக்சி ஒரு பூச்சுக்கு 5 முதல் 6 லிட்டர் பிடிக்கும். எனாமல் லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்தால் இரண்டு பூச்சுக்கு 7 லிட்டருக்குச் சற்று மேல். 5 லிட்டர் டின் இரண்டு வாங்கி, இரண்டையும் ஒரே வாளியில் கலந்த பிறகே தொடங்குங்கள். இல்லாவிட்டால் டின் மாறிய இடம் வெயிலில் கோடாகத் தெரியும். கூரைக்கு வெள்ளை 5 லிட்டர். கூரைக்கு வேறு நிறம் ஆசைப்படாதீர்கள், உள்ளே நிற்கிறவர்கள் வெந்துபோவார்கள்.

எப்பாக்சியை 320-ஆம் நம்பர் தாளால் தேய்த்து, துடைத்து, 4 அங்குலப் பஞ்சு ரோலரால் ஒருவர் 1 மீட்டர் அகலத்துக்குப் பூச, இன்னொருவர் காய்ந்த நல்ல பிரஷின் நுனியால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் நீவிக்கொண்டு போக வேண்டும். திரும்பிப் போய் நீவக்கூடாது. எனாமலில் கலக்க டர்ப்பென்டைன் 5 முதல் 10 விழுக்காடு. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் ஊற்றினால் அடிப்பூச்சு சுருங்கும். கெட்டியாகப் பூசி, முழுதாகக் காயும் முன்பே இரண்டாம் பூச்சு போட்டாலும் அதே சுருக்கம் வரும், 24 மணி நேரம் விடுங்கள். பிற்பகல் 2 மணிக்கு மேல் புதுப் பகுதி தொடங்காதீர்கள். இரவுப் பனி பட்டால் பளபளப்பு மங்கிச் சுண்ணாம்பு பூசியது போலாகும். எனாமல் துடைத்த துணியைக் குவித்துப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய மூடி டின்னில் போடுங்கள்.

பஸ் இன்னும் சாலையில் ஓடும் என்றால், சாயம் வாங்குவதற்கு முன்பே ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) நிற மாற்றத்தையும் உடல் மாற்றத்தையும் கேட்டு, புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் வாகனப் பரிசோதனை வேண்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள். கடையாக ஓரிடத்தில் நிற்கப்போகிறது என்றால் உங்கள் ஊராட்சி மன்றத்தின் உரிமம் பற்றிக் கேளுங்கள்.

சாயம் காய்ந்ததும் படுத்துக்கொண்டு பாவாடைத் தகட்டின் அடியைப் பாருங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பிரைமரும் சாயமும் அடைத்திருக்கும். 6 மில்லிமீட்டர் டிரில்லால் ஒவ்வொன்றையும் திறந்து, ஓட்டையின் விளிம்பைச் சிறு பிரஷால் எப்பாக்சி தொட்டு மூடுங்கள். பிறகு ஜன்னல் ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது கீழே எந்த ஓட்டை வழியாக வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.