சிறு மோட்டாரைக் குளிர்விக்கச் செம்புச் சுருள்

ரிமோட் படகின் உட்புறம் தண்ணீர் புகாதபடி மூடியே இருப்பதால் மோட்டாருக்குக் காற்றோட்டம் கிடைப்பதில்லை. காசிமேட்டுக் கரையோரத்தில் மே மாத வெயிலில் ஓட்டினால் கை வைக்க முடியாத அளவுக்கு அது சூடேறிவிடும். இதைத் தணிக்க மோட்டாரின்மேல் மாட்டும், உள்ளே தண்ணீர் ஓடும் நீர்ச்சுருளை, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகள் பயன்படுத்தும் மெல்லிய செம்புக் குழாயைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

வெப்பம் மோட்டாரின் எந்தப் பகுதியில் பிறக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். காந்தம் உள்ளே சுழலும் பிரஷ்லெஸ் மோட்டாரில் கம்பிச் சுற்றுகள் வெளிக்கூட்டை ஒட்டியே இருப்பதால், சுருள் அந்த வெப்பத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். கார்பன் பிரஷ் மோட்டாரில் சூடாவது நடுவில் சுழலும் ஆர்மேச்சர் என்ற கம்பிச் சுற்றுப் பகுதி. இடையில் காற்று இருப்பதால் பலன் குறைவுதான். வெளிக்கூடே சுழலும் வகைக்கு இது பொருந்தவே பொருந்தாது.

540 என்ற அளவுக் குறியீடு கொண்ட மோட்டாரின் விட்டம் சுமார் 36 மி.மீ. அதன்மேல் 3 மி.மீ. குழாயை ஏழு சுற்றுச் சுற்ற, இரு முனைகளையும் சேர்த்து 1.2 மீட்டர் வாங்கினால் போதும். குழாய் விறைப்பாக இருந்தால், வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஏதேனும் ஒரு ஃப்ரிட்ஜ் பட்டறையில் கேஸ் டார்ச்சால் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கித் தரச் சொல்லலாம். ஆறியதும் கையாலேயே வளையும்.

வளைக்கும்போது குழாய் நசுங்கிவிடாமல் இருக்க, வாணலியில் வறுத்து ஈரம் போக்கிய தூள் உப்பை உள்ளே தட்டித் தட்டி நிரப்பி, இரு முனைகளையும் டேப்பால் அடைக்க வேண்டும். மணலும் உதவும் என்றாலும், உப்பு தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் அதுவே மேல். உப்பு உள்ளே இருக்கும்போது குழாயைத் தீயில் காட்டவே கூடாது. மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும்.

சுருளை மோட்டாரின் மேலேயே சுற்றினால் கூடு நெளியக்கூடும். லேத் பட்டறையில் 35 மி.மீ. விட்டத்தில் ஒரு மரக்கட்டையைக் கடைந்து வாங்கி, அதன்மேல் இடைவெளியின்றிச் சுற்றுவது நல்லது. கட்டையிலிருந்து கழற்றியதும் சுருள் சற்று விரிந்து, மோட்டாரை இறுக்கமாகக் கவ்விக்கொள்ளும். காற்றுத் துளைகளையும் மின்முனைகளையும் அது தொடக்கூடாது. தொடுபரப்பில் மெல்லியதாகத் தெர்மல் பேஸ்ட் பூசினால் வெப்பம் எளிதாகக் கடக்கும்.

புரொப்பெல்லருக்குப் பின்னால், அது தள்ளும் நீரை எதிர்நோக்கி ஒரு சிறு குழாயைப் பொருத்தி, சிலிக்கான் டியூப் வழியாகச் சுருளுடன் இணைத்தால் பம்ப் தேவைப்படாது. நீர் வெளியேறும் துளையைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். அங்கே பீய்ச்சல் நின்றால் படகை உடனே கரைக்குத் திருப்பலாம். சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரி செல்சியசைத் தாண்டினால் நிரந்தரமாகவே வலுவிழக்கக்கூடும். சுருள் இருந்தும் சூடு அடங்காவிட்டால், புரொப்பெல்லர் மோட்டாரின் திறனுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குச் சுருள் மருந்தாகாது.

கடலில் ஓட்டிய பிறகு சுருளுக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது கட்டாயம். கடலோரத்து போர் தண்ணீர் உப்புக் கரிக்குமென்றால் மெட்ரோ வாட்டரையே பயன்படுத்துங்கள். அலுமினியக் கூட்டுக்கும் செம்புக்கும் இடையில் உப்பீரம் தங்கினால் அலுமினியம் அரித்துப்போகும் என்பதால், அவ்வப்போது சுருளைக் கழற்றித் துடைத்துப் புதிதாகப் பேஸ்ட் பூச வேண்டும்.