சேப்பாக்கம் பல்கலைக்கழக வளாகத்திற்குச் செல்லும் வழி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகம், வாலாஜா சாலை காமராசர் சாலையைச் சந்திக்கும் இடத்தில், மெரினா கடற்கரையை நோக்கி அமைந்துள்ளது. சென்ட்ரலில் இறங்குவோர், அருகிலுள்ள பூங்கா நகர் நிலையத்திலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலில் ஏறி, அடுத்த நிலையமான சிந்தாதிரிப்பேட்டையைக் கடந்து சேப்பாக்கத்தில் இறங்கினால், சிறிது தூரம் நடந்தே வளாகத்தை அடையலாம். இதுவே எளிய வழி. விமான நிலையத்திலிருந்து வருவோருக்கு நீல வழித்தட மெட்ரோவே ஏற்றது. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, வாலாஜா சாலை வழியே கிழக்கே ஆட்டோவில் செல்லலாம்.

சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட் போட்டி நடக்கும் நாள்களில் வாலாஜா சாலையில் கடும் நெரிசல் ஏற்படும் என்பதால், அன்று ரயிலையே நம்புங்கள். அலுவலகப் பணிக்காகச் செல்வோர் அடையாள அட்டையும் சான்றிதழ் நகல்களும் எடுத்துச் செல்வது நல்லது. நேரமிருந்தால், கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸம் வடிவமைத்து 1879இல் கட்டி முடிக்கப்பட்ட, வளாகத்திலுள்ள செனட் இல்லத்தை வெளியிலிருந்தாவது பாருங்கள்.