பழைய ஸ்லைடுகளின் நிறம் பிறழாமல் ஸ்கேன் செய்ய

கோடாக் நிறுவனத்தின் பழைய வண்ண ஃபிலிமான கோடாக்ரோமில் எடுத்த ஸ்லைடை ஸ்கேன் செய்யும்போது நிழல் பகுதிகள் நீலம் பூத்தாற்போல் வந்தால், குறை பெரும்பாலும் ஃபிலிமில் இல்லை. ஸ்கேனர் வேறொரு ஃபிலிமின் சாயங்களுக்கு ஏற்ப அளவீடு செய்யப்பட்டிருக்கிறது. கோடாக்கின் இன்னொரு ஸ்லைடு ஃபிலிமான எக்டாக்ரோமுக்கு உருவாக்கிய புரொஃபைல் (ஸ்கேனர் நிறங்களை எப்படிப் பதிவு செய்கிறது என்பதை விவரிக்கும் கோப்பு) கோடாக்ரோமுக்குப் பொருந்தாது என்பதால், ஐடி8 அளவீட்டு ஸ்லைடை (நிற மதிப்புகள் முன்பே அளந்து வைக்கப்பட்ட கட்டங்கள் கொண்ட மாதிரி ஸ்லைடை) அந்தந்த ஃபிலிம் வகையிலேயே வாங்க வேண்டும். கோடாக்ரோம் உற்பத்தி 2009இல் நின்றுவிட்டதால், அதற்கான அளவீட்டு ஸ்லைடைத் தேடிப் பிடிப்பதே தனி வேலை.

ஸ்கேனரை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு, தானியங்கி எக்ஸ்போஷர், நிறத் திருத்தம், கூர்மையாக்கம் ஆகிய அனைத்தையும் அணைத்துவிட்டு, அளவீட்டு ஸ்லைடை ஒரு நிறத்துக்கு 16 பிட் வீதம் ஸ்கேன் செய்யுங்கள். அதிலுள்ள 264 நிறக் கட்டங்களையும் கீழே வரிசையாக நிற்கும் 24 சாம்பல் படிகளையும் மென்பொருள் படித்து, தயாரிப்பாளர் தரும் அளவுக் கோப்புடன் ஒப்பிட்டுப் புரொஃபைலை உருவாக்கும். ஸ்லைடில் அச்சிட்ட தொகுதி எண்ணும் கோப்பிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். இதைக் கவனிக்காமல் நான் ஒரு மாலைப் பொழுதையே வீணாக்கியிருக்கிறேன்.

பிறகு வரும் ஸ்லைடுகளையும் அதே அமைப்புகளில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். எக்ஸ்போஷரை மாற்றினால் புரொஃபைல் செல்லாது. ஸ்கேன் செய்த படத்துக்கு முதலில் இந்தப் புரொஃபைலை இணைத்து, அதன் பின்னரே அடோபி ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வெளிக்கு மாற்றுங்கள். சாயம் வெளிறிச் சிவந்துபோன ஸ்லைடு, சரியான அளவீட்டில் சிவப்பாகவே வரும். அதை மீட்பது ஸ்கேனுக்குப் பிந்தைய வேலை.