கணப்படுப்பின் கல் முகப்புக்குச் சுண்ணாம்பு அடிப்பது எப்படி?

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கத்துப் பழைய வீடுகளில், குளிர்காய விறகு எரிக்கும் கணப்படுப்பின் முகப்பு பெரும்பாலும் கருங்கல். பல வருடக் கரி ஏறினால் அறையே இருண்டுபோகும். அதை வெள்ளையாக்க எமல்ஷன் டப்பாவைத் திறக்காதீர்கள். எமல்ஷன் கல்மேல் படலமாக நிற்கும். கல்லில் ஊறிய ஈரம் சூட்டில் வெளியேற வழியில்லாமல் அந்தப் படலத்தைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். உரித்தாலும் கல்லின் துளைகளில் இறங்கிய பெயின்ட் முழுதாக வராது. சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே இறுகுகிறது. ஈரத்தை அடைக்காது, தீயும் பிடிக்காது.

வெள்ளையடிப்பது முகப்புக்கு மட்டும்தான். விறகு எரியும் உள்ளறைக்கு அடித்தால் முதல் நெருப்பிலேயே கரியேறிவிடும். இன்னொன்று: சீராகக் கொத்தி இழைத்த நல்ல கல்லாக இருந்தால், கரியை மட்டும் எடுத்துவிட்டுக் கல்லாகவே விட்டுவிடுங்கள். அதை மறைப்பது நஷ்டம்.

முதலில் கல்லைச் சோதியுங்கள்

கல்லிலும் இணைப்புச் சாந்திலும் தண்ணீரைச் சொட்டுங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சிக் கறுத்தால் சுண்ணாம்பு பிடிக்கும். முத்து முத்தாக நின்றால் மேலே வார்னிஷோ பழைய பெயின்டோ இருக்கலாம். அதை எடுக்காமல் சுண்ணாம்பு ஒட்டாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் கிடைக்கும் சார்னகைட் கல் இயல்பிலேயே இறுக்கமானது, மெதுவாகத்தான் குடிக்கும். அதற்கு முதல் பூச்சில் மட்டும் சலித்த கல்தூளை லிட்டருக்கு ஒரு கைப்பிடி கலந்தால் பிடிமானம் கிடைக்கும். முகப்பின் ஒரு மூலையில் சிறு சதுரம் அடித்து, நான்கு நாள் கழித்து விரலால் தேய்த்துப் பார்த்த பிறகே மொத்தத்தையும் தொடுங்கள்.

கரி எடுப்பதுதான் பாதி வேலை

அடுப்பின் வாய்க்கு மேலுள்ள கல்லில் கரி தடித்திருந்தால், புகை குழாயில் ஏறாமல் அறைக்குள் வருகிறது என்று பொருள். புகைபோக்கியை அடைப்பு நீக்கிச் சுத்தம் செய்யாமல் வெள்ளையடித்தால் அது சீக்கிரமே கறுக்கும். அதைவிட முக்கியம், அந்தப் புகை உயிருக்கே ஆபத்து.

கரியை உலர்ந்த நிலையிலேயே பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் விட்டால் கரி தண்ணீரோடு சேர்ந்து கல்லுக்குள் இறங்கும். பிறகு இரண்டு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் வாஷிங் சோடா கலந்து, கையுறை போட்டு, நைலான் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் கரித்தண்ணீர் உலர்ந்த கல்லில் கோடு கோடாகக் கறை போடும். கழுவிவிடும்போது மட்டும் மேலிருந்து கீழ். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். ஒடிந்து சிக்கும் துணுக்குகள் துருவாகக் கசியும். ஆசிட் வேண்டவே வேண்டாம், அது இணைப்புச் சாந்தைக் கரைக்கும்.

ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். பழுப்பு ஏறினால் விறகுப் பிசின் இன்னும் இருக்கிறது. எத்தனை பூச்சு அடித்தாலும் அந்தக் கறை மேலே வந்துவிடும். அந்த இடத்தில் முல்தானி மட்டியைச் சோடாக் கரைசலில் குழைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் ஒரு நாள் மூடுங்கள். பிறகு திறந்து காயவிட்டுச் சுரண்டுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. கடைசியாக நல்ல தண்ணீரில் கழுவி இரண்டு நாள் உலர விடுங்கள்.

உதிர்ந்த இணைப்புகளை ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணலில் பூசி ஒரு வாரம் விடுங்கள். சிமென்ட் வைத்தால் அந்த இடம் தனியாகத் தெரியும்.

சுண்ணாம்பு கரைப்பது

ஐந்தடி அகலம், ஆறடி உயர முகப்புக்கு ஒரு கிலோ சுட்ட கல் சுண்ணாம்பும் ஐந்து லிட்டர் தண்ணீரும் போதும். இரும்பு வாளியோ மண்பானையோ எடுங்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றும்போது எழும் சூட்டில் மெல்லிய பிளாஸ்டிக் இளகிவிடும். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். தண்ணீரை முதலில் ஊற்றி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். லிட்டருக்கு 4 கிராம் கருவேலம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்க்கலாம். பழுப்புச் சாயலை அடக்க மொத்தக் கரைசலுக்கும் நீலப்பொடி இரண்டு கிராம். சுவருக்குச் சேர்ப்பதுபோல் உப்புச் சேர்க்காதீர்கள், அடுப்பின் இரும்புத் தட்டி துருப்பிடிக்கும். பிடிமானத்துக்கென்று ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை அதிகம் ஊற்றினால் எமல்ஷன் மாதிரியே உரியும்.

பதம் நீர்மோர்தான். கெட்டியாக இருந்தால் தண்ணீர் சேருங்கள்.

அடிப்பது

மரத்தாலான மேல்பலகையை டேப் ஒட்டி மூடுங்கள். தேக்கில் சுண்ணாம்பு பட்டால் கறுத்துவிடும். தளக்கல்லின் மேல் பிளாஸ்டிக் விரியுங்கள்.

கல்லில் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் இருக்க வேண்டும், வழியக் கூடாது. உலர்ந்த கல் சுண்ணாம்பிலுள்ள தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். இறுகுவதற்கு அந்த ஈரம் தேவை. அது இல்லாவிட்டால் பூச்சு மாவாக உதிரும். நார் மட்டையால் முதலில் மேலிருந்து கீழாக, அது காயும் முன்பே கீழிருந்து மேலாக, பிறகு குறுக்காக இழுங்கள். அடிக்கடி கலக்குங்கள், சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும்.

முதல் பூச்சு அடித்ததும் ஒன்றுமே தெரியாது. ஈரச் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரிதான் இருக்கும், உலர உலரத்தான் வெளுக்கும். பயந்துபோய் அதே நாளில் கெட்டியாக இன்னொன்று அடித்தால் வெடித்து உரியும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விட்டு, மறுபடி ஈரமாக்கி, மூன்று அல்லது நான்கு பூச்சு. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளைத் தவிர்க்கவும். மலை மூட்டம் இந்த வேலைக்கு நல்லதுதான், மெதுவாக உலர்வதால் பூச்சு உறுதியாகும்.

கடைசிப் பூச்சுக்குப் பின் இரண்டு வாரம் நெருப்பு வேண்டாம். முதல் இரண்டு மூன்று தடவை சிறு சுள்ளிகளை மட்டும் எரியுங்கள். கையில் லேசாக வெள்ளை ஒட்டுவது இயல்பு. கொத்தாக உதிர்ந்தால் அந்த இடத்தைத் தேய்த்து, நனைத்து, நீர்த்த பூச்சு ஒன்று கொடுங்கள். குளிர்காலம் முடிந்ததும் அடுப்பு வாயின் ஓரக்கற்களில் படியும் கரியை உலர்பிரஷ்ஷால் தட்டி, அங்கே மட்டும் ஒரு கை அடித்தால் போதும்.