அடைத்த கட்டடமும் உள்ளிருக்கும் காற்றும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, வெளிக்காற்றைக் கட்டடத்துக்குள் இழுத்துச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் வீண்செலவு என்ற எண்ணம் வலுத்தது. கட்டடங்களின் குளிரூட்டலுக்கும் காற்றோட்டத்துக்கும் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பு 1981-இல் வெளியிட்ட தரநிலை, புகைபிடிக்க அனுமதியில்லாத அலுவலகங்களில் ஆள் ஒருவருக்கு நொடிக்குச் சுமார் 2.5 லிட்டர் வெளிக்காற்று போதும் என்றது. தலைவலி, கண்ணெரிச்சல், தொண்டை வறட்சி, காரணம் புலப்படாத சோர்வு என்று அந்நாளைய அலுவலகங்களிலிருந்து புகார்கள் பெருகின. கட்டடத்தை விட்டு வெளியேறியதும் அவை தணிந்தன. 1989-இல் அதே அமைப்பு குறைந்தபட்ச அளவை மும்மடங்காக்கி 7.5 லிட்டராக உயர்த்தியது. அந்தப் புகார்களுக்குக் காற்றோட்டக் குறைவு மட்டுமே காரணமன்று. புதிய வகைப் பலகைகளும் பசைகளும் சுவரில் தங்கிய ஈரமும் அவற்றில் பங்கு வகித்தன. ஆயினும், மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்றவுடன் முதலில் காற்றில் கைவைக்கும் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. ஏதோ ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு கட்டடம் முழுவதையும் அதைக் கொண்டே எடைபோடும்போதுதான் சிக்கனமும் நல்ல காற்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது என் கருத்து.

அத்தகைய எண்களில் முதலிடம் கரியமில வாயுவின் அளவுக்கு உரியது. மியூனிக்கைச் சேர்ந்த சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-இல் 1,000 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) என்ற வரம்பை முன்வைத்தபோது, அந்த வாயுவை நஞ்சென்று அவர் கருதவில்லை. மனிதர்களின் மூச்சாலும் உடலாலும் அறைக்காற்று எவ்வளவு பழையதாகியிருக்கிறது என்பதைக் காட்டும் அடையாளமாகவே அதை எடுத்துக்கொண்டார். அடையாளத்தையே நோயாக எண்ணுவது பெருந்தவறு. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்றில், தூய கரியமில வாயுவை மட்டும் 3,000 பிபிஎம் வரை சேர்த்தபோது பங்கேற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் தென்படவில்லை. காற்றோட்டத்தைக் குறைத்து, உடலிலிருந்து வெளிவரும் மற்ற ஆவிகளும் சேர்ந்து அதே அளவை எட்டியபோது தலைவலியும் சோர்வும் அதிகரித்தன. 2016-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு, கரியமில வாயுவே சிந்தனைத் திறனைக் குறைப்பதாகக் கண்டது. இந்த விவாதம் முடியாத நிலையில், ஒரு பக்கத்தை மட்டும் மேற்கோள் காட்டி வரம்புகளை வகுப்பது முறையன்று. மேலும், இந்த எண் குறைவாக இருப்பதால் காற்று தூய்மையானது என்று சொல்லிவிட முடியாது. ஆளில்லாத அறையில், புதிதாகப் போட்ட பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு கசிந்துகொண்டிருக்கும்போதும், தரைக்கடியிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு ஏறிக்கொண்டிருக்கும்போதும் கரியமில வாயுவின் சென்சார் 420 என்றே காட்டும். ஏனெனில் வெளிக்காற்றில் இப்போது ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கிறது. ஆகவே, ஆள் நடமாட்டத்துக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு மின்சாரத்தை நன்றாக மிச்சப்படுத்தினாலும், ஆளில்லாத நேரத்தில் விசிறியை முழுவதுமாக நிறுத்திவிடும்படி அதை அமைக்கக் கூடாது.

அளக்கும் முறையிலும் தவறு நேர்கிறது. 30 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு படுக்கையறையில் கதவையும் சன்னலையும் மூடிவிட்டு இருவர் உறங்குவதாக வைத்துக்கொள்வோம். கசிவு வழியாக மணிக்கு 9 கன மீட்டர் காற்று மட்டுமே மாறுகிறது. உறங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 13 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுகிறார். படுத்த ஒரு மணி நேரத்தில் அளந்தால் 1,200 பிபிஎம்-க்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். பரவாயில்லை என்று குறித்துக்கொண்டு போய்விடலாம். ஏழு மணி நேரம் கழித்து, விடியலில், அதே அறையில் அது 3,000-ஐ நெருங்கியிருக்கும். காற்று மெதுவாக மாறும் அறையில் வாயுவின் அளவு நிலைபெறப் பல மணி நேரம் ஆகும் என்பதை மறந்து, குறுகிய நேர அளவீட்டிலிருந்து காற்றோட்ட வீதத்தைக் கணக்கிடுவோர் அது உண்மையில் இருப்பதைவிட நன்றாக இருப்பதாக முடிவு கட்டுகிறார்கள். பகலையும் இரவையும் கலந்து 24 மணி நேரச் சராசரி எடுப்பதும் இதே தவறின் வேறு வடிவம்தான். சென்சாரை மேசையில் முகத்துக்கு எதிரே வைப்பது இன்னொன்று. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு ஏறத்தாழ 40,000 பிபிஎம் இருப்பதால், அது அறையை அளக்காமல் ஆளை அளந்துகொண்டிருக்கும்.

சுவரில் மாட்டிய சாதாரண ஸ்பிளிட் ஏசி புதுக்காற்றைக் கொண்டுவருகிறது என்று நம்புவோர் மிகப் பலர். அது அறைக்காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. குளிர்ச்சியை நல்ல காற்றென்று உடல் ஏற்றுக்கொள்வதால் பிழை தெரிவதில்லை. காற்றுச் சுத்திகரிப்பான் நுண்துகள்களை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கரியமில வாயுவையோ ஈரத்தையோ குறைக்காது. ஓசோனை வெளியிடும் கருவிகளைத் தவிர்ப்பதே நல்லது. எலுமிச்சை மணமுள்ள துப்புரவுப் பொருள்களின் ஆவியோடு ஓசோன் வினைபுரிந்து, ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் புதிதாக உண்டாக்குகிறது. தொட்டிச் செடிகளின் மேலுள்ள நம்பிக்கைக்கு, 1989-இல் நாசா சிறிய மூடிய பெட்டிகளில் செய்த சோதனை பெரிதும் காரணம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019-இல் வெளியான கட்டுரை, இயல்பான காற்று மாற்றத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்று கணக்கிட்டது.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்றைக் கொடுத்து, அதன் வெப்பநிலையை 10 டிகிரி மாற்றுவதற்கு அகற்ற வேண்டிய வெப்பம் 120 வாட். வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் 75 விழுக்காட்டுத் திறனுள்ள பரிமாற்றி இருந்தால், 30 வாட்டே மிஞ்சும். ஆனால் புழுக்கமான தட்பவெப்பத்தில் இந்தக் கணக்கு பாதிதான். கிலோ ஒன்றுக்கு 20 கிராம் ஈரமுள்ள காற்றை 10 கிராமுக்குக் கொண்டுவர மேலும் ஏறத்தாழ 300 வாட் தேவை. வெப்பத்தை மட்டும் மாற்றும் கருவியை அங்கே பொருத்திவிட்டு, குளிர் நாட்டில் கிடைத்த சேமிப்பை எதிர்பார்ப்பது ஏமாற்றத்தில்தான் முடியும். ஈரத்தையும் சேர்த்து மாற்றும் கருவியே அத்தகைய இடத்துக்குப் பொருந்தும். விசிறியின் கணக்கும் கவனிக்கத் தக்கது. காற்றின் அளவைப் பாதியாக்கினால் விசிறிக்கு வேண்டிய மின்சாரம் கோட்பாட்டளவில் எட்டில் ஒரு பங்காகும். எனவே, தேவை நாள் முழுவதும் சீராக இருக்கும் இடத்தில், ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டி நிறுத்துவதைவிட மெதுவாக இரண்டு மணி நேரம் ஓட்டுவது அதே காற்றை மிகக் குறைந்த செலவில் தரும்.

கசிவை அடைப்பது தவறன்று. அடைத்த பிறகு காற்றுக்கு வேறு வழி வைக்காததே தவறு. குளியலறையில் வலிமையான வெளியேற்று விசிறியைப் பொருத்திவிட்டு, கதவின் அடியிலுள்ள இடைவெளியை இழைப்பட்டையால் மூடியிருப்பதைப் பார்க்கலாம். உள்ளே வரக் காற்றில்லாமல் விசிறி இரைச்சலோடு சுற்றும்; ஈரம் கூரையிலேயே தங்கி, சில மாதங்களில் மூலையில் பூஞ்சை கறுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மெல்லிய காகிதத்தை விசிறியின் வலையருகே பிடித்து, அது ஒட்டிக்கொள்வதைக் கண்டு நிறைவடைவோர் உண்டு. காகிதம் ஒட்டுவது இழுப்பு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும், எத்தனை லிட்டர் என்பதைச் சொல்லாது. கதவை மூடியும் திறந்தும் காற்றளவுமானியால் இருமுறை அளந்து, இரண்டு எண்களையும் வரைபடத்தில் எழுதியிருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அந்த விசிறிக்கு ஒப்புதல் கையெழுத்து இட வேண்டும்.