நீல ஹைட்ரேஞ்சியாவுக்கு நாம் செய்யும் கெடுதல்கள்

போன வாரம் கீழ் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) தம்பி ஒருவன் கூப்பிட்டுக் காட்டினான். மூன்று வருடத்துக்கு முன் நுவரெலியாவிலிருந்து தண்டு கொண்டுவந்து ஊன்றிய ஹைட்ரேஞ்சியா பூச்செடி. "அக்கா, நல்ல நீலமா இருந்துச்சு. இப்ப ரோஸா மாறிருச்சு. தண்டு குடுத்தவங்க ஏமாத்திட்டாங்களா?" யாரும் ஏமாற்றவில்லை. செடியடியில் வட்டமாக அடுப்புச் சாம்பல் கிடந்தது. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரு காலத்தில் நானும் இதே வேலையைத்தான் செய்தேன்.

தண்ணீர் ஊற்ற மறப்பது, மாடு மேய விடுவது பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

சாம்பலும் டொலமைட்டும்

தேயிலை விளையும் நம் மண் புளிப்பு மண். பி.எச். (புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருக்கும். அந்தப் புளிப்பில்தான் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறும். ஏறினால்தான் பூ நீலம். சாம்பலோ, டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளோ விழுந்தால் புளிப்பு குறைந்து அலுமினியம் மண்ணிலேயே தங்கிவிடும். பி.எச். 6ஐத் தாண்டினால் பூ ரோஸ்தான்.

தேயிலைக்கு டொலமைட் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வருடக்கணக்காக உரம் போட்டு அளவு மீறிப் புளித்த மண்ணைச் சரிக்கட்டத்தான் அதைப் போடுகிறார்கள் என்பது அப்போது தெரியாது. தேயிலைக்கு நல்லது பூச்செடிக்குக் கெடுதலா என்று, மிச்சமிருந்த அரை வாளியை ஐந்து செடிக்கும் தூவிவிட்டேன். அடுத்த சித்திரையில் அழுக்கு ஊதா. அதற்கடுத்த வருடம் ஐந்தும் ரோஸ்.

மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தேன், தேயிலை மண் கொண்டுவந்து போட்டேன், பைனஸ் மரத்து இலை பரப்பினேன். மாதம் ஒரு தடவை, நான்கு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சீனக்காரம் (படிகாரம்; அதில் அலுமினியம் இருக்கிறது) கரைத்து ஊற்றினேன். சீக்கிரம் நீலம் வரட்டும் என்று ஒரு செடிக்கு அளவுக்கு மேல் ஊற்றியதில் அது வேர் கருகிச் செத்தது. மற்ற நான்கும் பழைய நிறத்துக்கு வர மூன்று வருடம் பிடித்தது. அந்த அரை வாளியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சீமெந்துச் சுவரோரம்

வேண்டாம். மழையில் சுண்ணாம்பு இறங்கும்.

வெள்ளைப் பூச்செடி

அது நீலமாகாது. சீனக்காரம்தான் வீண்.

கவ்வாத்து

தேயிலை மாதிரி மட்டமாக வெட்டிவிட்டு, பூக்கவில்லை என்று வருகிறார்கள். அடுத்த பூ, போன வருடத்துத் தண்டிலிருக்கும் மொட்டிலிருந்துதான் வரும். வாடிய பூவுக்குக் கீழே, முதல் தடித்த மொட்டுச் சோடிக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். அதையும் தை மாதத்துப் பனி முடிந்தபிறகு செய்யுங்கள். அதுவரை அந்த வாடிய பூவே மொட்டுக்குக் குடை.

சரி, அந்தத் தம்பியின் சாம்பல்? வழித்தெடுத்துக் கோவா (முட்டைக்கோஸ்) பாத்தியில் போடச் சொன்னேன். கோவாவுக்கு அது பிடிக்கும்.